தண்டவாளத்தில் ஓடிய கடல்

யப்பானின் செகா நிறுவனம் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஓஷன் ஹன்டர்’ என்னும் காணொளி விளையாட்டு, நாணயம் போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களுக்கென்றே ஆக்கப்பட்டது. இயந்திரத்தோடு பொருத்தப்பட்ட இரண்டு பெரிய துவக்குகளை இருவர் அருகருகே பிடித்துக்கொண்டு, திரையில் விரியும் கடலடியில் எதிர்ப்படும் சுறாக்களையும் பிற கடல்வாழ் உயிர்களையும் புராணக் கடற்பூதங்களையும் சுட்டு வீழ்த்தியபடி முன்னேறுவதே அதன் ஆட்டமுறை. எங்கே போவது, எப்போது திரும்புவது, எவ்வளவு ஆழம் இறங்குவது என்பவற்றை விளையாட்டை ஆக்கியவர்கள் முன்கூட்டியே வகுத்துவிட, குறிவைப்பதும் விசையை அழுத்துவதும் மட்டுமே ஆடுபவரின் கையில் விடப்பட்டிருக்கும். புகையிரதத்தின் சன்னலோரத்தில் இருப்பவர் வெளியே பார்க்கலாமேயன்றி வழியை மாற்ற முடியாததைப் போல அமைந்த இத்தகைய ஆட்டங்களை, ‘தண்டவாளச் சுடல் விளையாட்டுகள்’ என்று இத்துறையினர் வகைப்படுத்துகின்றனர்.

இவ்வகை விளையாட்டுகளில் விண்வெளியையும் போர்க்களத்தையும் பேய்மாளிகையையும் களமாகக் கொண்டவை ஏராளமாக இருக்க, கடலடியைக் களமாகக் கொண்டவை மிகச் சிலவே. ஆயினும், நாணய விளையாட்டு இயந்திரங்களின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், இயந்திர நுட்பம் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறிய பல வேளைகளில் கடல் அங்கே இருந்திருக்கிறது என்பது புலப்படும். இது தற்செயலாக நேர்ந்ததாகத் தோன்றவில்லை. வேறெந்தக் களத்தை விடவும் நீர்தான் இயந்திரத்தின் இயலாமையை இயல்பாக மறைத்துக் கொடுத்தது. தொலைவைக் காட்ட முடியாத இயந்திரத்துக்கு நீரின் மங்கலும், விரைவைக் காட்ட முடியாத இயந்திரத்துக்கு நீரின் தடையும் கைகொடுத்தன. அந்த வரலாற்றை, கடலை நாள்தோறும் வாசித்து வாழ்ந்த, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வல்வெட்டித்துறை போன்ற ஓர் ஊரின் அறிவோடு வைத்துப் பார்க்கும்போது, திரைக்குள் வந்த கடல் எது, வராமற்போன கடல் எது என்பது தெளிவாகிறது.

அட்டைக் கப்பல்களின் காலம்

செகா நிறுவனத்தின் உலகப் புகழுக்கு அடித்தளமிட்டது 1966இல் அது வெளியிட்ட ‘பெரிஸ்கோப்’ என்னும் இயந்திரம். பெரிஸ்கோப் என்பது நீர்மூழ்கிக் கப்பலுக்குள் இருப்பவர் நீர்மட்டத்துக்கு மேலுள்ளதைப் பார்க்க உதவும், ஆடிகள் பொருத்திய நெடுங்குழாய். பின்னாளில் நம்கோ எனப் பெயர்பெற்ற நாகமுரா நிறுவனமும் இதே கருத்தில் ஓர் இயந்திரத்தை ஏறத்தாழ அதே காலத்தில் செய்திருந்தது. செகாவின் இயந்திரத்தில் கணினி எதுவும் இருக்கவில்லை. சங்கிலியில் கோக்கப்பட்ட அட்டைக் கப்பல்கள் தொடுவானத்தில் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓட, ஆடுபவர் குழாயின் வழியாகக் குறிபார்த்துப் பொத்தானை அழுத்தியதும், நீருக்கடியில் பாய்ந்துசென்று வெடிக்கும் டோர்பிடோ குண்டின் தடத்தை வரிசையாக எரிந்து அணையும் மின்விளக்குகள் காட்டின. மின்சாரத்தாலும் பொறிகளாலும் மட்டும் இயங்கிய இவ்வகை இயந்திரங்கள் மின்பொறி விளையாட்டுகள் எனப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானபோது இந்த இயந்திரம் ஓர் ஆட்டத்துக்கு 25 சதம் கேட்டது; அதுவரை 10 சதத்துக்குப் பழகியிருந்த கூடங்களில் இந்த விலை நிலைத்துவிட, பின்வந்த பல ஆண்டுகளுக்கு 25 சத நாணயமே இத்தொழிலின் அலகாயிற்று.

இங்கே கவனிக்கத்தக்கது, தெரியாத பகுதியை இந்த இயந்திரம் எவ்வாறு பயன்கொண்டது என்பதாகும். குண்டு உண்மையில் நீந்திச் செல்வதைக் காட்ட வழியில்லாத நிலையில், நீர்மட்டத்துக்குக் கீழே நடப்பது எவர் கண்ணுக்கும் தெரியாது என்ற இயற்கை விதியே இயந்திரத்துக்குத் துணைநின்றது. வரிசை விளக்குகள் போதுமாயின. மீதியை ஆடுபவரின் மனம் நிரப்பிக்கொண்டது.

1972இல் செகா வெளியிட்ட ‘கில்லர் ஷார்க்’ என்னும் சுறா வேட்டை இயந்திரம் நீர்மட்டத்துக்கு மேலிருந்த பார்வையைக் கடலுக்குள் இறக்கியது. சுறாவின் உருவங்களை ஒளிபாய்ச்சித் திரையில் விழுத்தி, அது ஆடுபவரை நோக்கி வருவதுபோல் காட்டிய இந்த இயந்திரத்தை, 1975இல் வெளிவந்த ‘ஜோஸ்’ திரைப்படத்தின் ஒரு காட்சியில் இன்றும் காணலாம். 1976இல், அமெரிக்காவின் மிட்வே நிறுவனம் ‘சீ வூல்ஃப்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. பெரிஸ்கோப்பின் கருத்தையே எடுத்துக்கொண்டாலும், அட்டையும் சங்கிலியும் அங்கே இல்லை. இன்டெல் 8080 என்ற நுண்செயலி, அதாவது கணிப்பீடு முழுவதையும் ஒரே சில்லுக்குள் செய்யும் மின்னணு உறுப்பு, கப்பல்களைக் காணொளித் திரையில் வரைந்தது. அதுவரை ஆடியவர்களுள் கூடிய புள்ளி பெற்றவரின் எண்ணிக்கையைத் திரையில் நிறுத்திவைக்கும் வழக்கமும் இந்த விளையாட்டோடு தொடங்கியதாகவே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஒருவர் விட்டுச்சென்ற எண்ணை இன்னொருவர் முறியடிக்க முயல்வதில் கூடங்களின் வருமானம் பெருகியது.

துவக்கு எப்படிப் பார்க்கிறது

சுடல் விளையாட்டில் துவக்கிலிருந்து திரைக்கு எதுவும் பாய்வதில்லை என்பதைப் புரிந்துகொண்டால், அதன் நுட்பம் விளங்கிவிடும். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் வீட்டுப் பெட்டிகளில் புகழ்பெற்ற ‘டக் ஹன்ட்’ போன்ற விளையாட்டுகளில், விசையை அழுத்திய கணத்தில் திரை முழுவதும் கறுத்து, இலக்கு இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக மின்னும். துவக்கின் வாயிலுள்ள ஒளியுணரிக்கு அந்த வெண்மை தெரிந்தால் குறி தப்பவில்லை என்று இயந்திரம் கொள்ளும். பிற்கால ஒளித்துவக்குகள் இதைவிட நுணுக்கமானவை. பழைய தொலைக்காட்சிகளின் கதோட்டுக் கதிர்க் குழாயில், ஓர் இலத்திரன் கற்றை இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் கோடுகோடாக ஓடித்தான் படத்தை வரையும். அந்தக் கற்றை துவக்கின் குறியைக் கடக்கும் நேரத்தை அளந்தால் குறி எந்தக் கோட்டில் எந்தப் புள்ளியில் விழுந்தது என்பதைக் கணக்கிடலாம். தட்டைத் திரைகள் வந்த பின்னர் இத்துவக்குகள் பயனற்றுப் போனதற்குக் காரணம், அவற்றில் இத்தகைய ஓடும் கற்றை இல்லை என்பதே.

மூன்றாவது முறை இவற்றைவிட எளிமையானதும் உறுதியானதுமாகும். துவக்கை இயந்திரத்தோடு அச்சில் பொருத்தி, அது பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் திரும்பும் கோணங்களை இரண்டு மாறுந்தடைகள், அதாவது திருகுவதற்கேற்ப மின்தடையின் அளவு மாறும் உறுப்புகள், அளந்துசொல்லும். துவக்குக்குத் திரையைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லாததால் திரை எவ்வகையாயினும் கவலையில்லை. ஓஷன் ஹன்டர் தெரிவுசெய்தது இந்த முறையைத்தான். கையில் தூக்கி வீசித் திருப்பக்கூடிய சிறு துவக்கை விட, அச்சில் சுழலும் பெரிய துவக்கைத் திருப்புவதற்குச் சற்று வலு வேண்டும். நீருக்குள் எந்த அசைவுக்கும் எதிர்ப்பு உண்டு என்ற உணர்வை அந்தப் பாரம் கைக்குக் கொண்டுவருகிறது. காட்சியால் சொல்ல முடியாத ஒன்றை உடம்பின் வழியே சொன்ன இந்தப் பொருத்தத்தை இவ்விளையாட்டின் சிறப்புகளுள் முதலாவதாகக் கொள்ளலாம்.

நீர் என்னும் திரை

செகாவுக்குள், கூடங்களுக்கான விளையாட்டுகளை ஆக்கிய பிரிவுகளுள் ‘ஏஎம்1’ என்பது ஒன்று. இறந்தோர் எழுந்துவரும் மாளிகையைக் களமாகக் கொண்ட ‘ஹவுஸ் ஒஃப் த டெட்’ அந்தப் பிரிவின் ஆக்கமே. அதன் அனுபவத்தோடு கடலுக்குள் இறங்கிய ஏஎம்1, ‘மொடல் 3’ என்னும் மின்சுற்றுப் பலகையில் ஓஷன் ஹன்டரை அமைத்தது. 1996இல் ‘வேர்ச்சுவா ஃபைட்டர் 3’ விளையாட்டோடு அறிமுகமான மொடல் 3, அக்காலத்தில் கூடங்களில் கிடைத்த மிக வலிமையான பலகைகளுள் ஒன்று. அதன் வரைகலைச் சில்லுகளை வடிவமைத்த ரியல்3டி நிறுவனம் லொக்ஹீட் மார்ட்டின் என்னும் பாதுகாப்புத் துறைப் பெருநிறுவனத்திலிருந்து பிறந்தது. அதன் வேர்கள், அப்பலோ விண்வெளி வீரர்களுக்கும் விமானிகளுக்கும் பயிற்சியளிக்க ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனம் உருவாக்கிய காட்சிப் பொறிகள் வரை செல்கின்றன. விண்கலம் ஓட்டக் கற்பிக்க வளர்ந்த நுட்பம் முப்பது ஆண்டுகளில் மீன்களை வரையத் தொடங்கியது.

முப்பரிமாண வரைகலையில் உருவங்கள் யாவும் பல்கோணங்களால், பெரும்பாலும் முக்கோணங்களால், ஒட்டிச் செய்யப்படுகின்றன. அவற்றின் பரப்பில் தோல், செதில், பாறை முதலியவற்றின் படங்கள் போர்த்தப்படுகின்றன. ஒரு செக்கனில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பல்கோணங்களை வரையலாம் என்று மொடல் 3 பற்றிச் சொல்லப்பட்டாலும், ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ அறுபது படங்கள் வீதம் பகிர்ந்தால் ஒரு படத்துக்குக் கிடைப்பது பதினேழாயிரம் அளவில்தான். பரந்த நிலவெளியை அந்தக் கையிருப்பைக் கொண்டு தொடுவானம் வரை வரைவது கடினம். எனவேதான் அக்கால விளையாட்டுகளில் தொலைவிலுள்ள மலையோ கட்டடமோ அருகே வந்ததும் திடீரென முளைத்து, கண்ணை உறுத்தியது. அதை மறைக்க ஆக்குநர்கள் மூடுபனியைப் போர்த்தினர். பகலில், வெயிலில், நகரத்தின் நடுவே படர்ந்த அந்தப் பனிக்குக் காரணம் கற்பிக்க முடியவில்லை. கடலடியில் அத்தகைய சிக்கல் எழுவதேயில்லை. தெளிந்த நீரிலேகூடச் சில பத்து மீற்றர்களுக்கு அப்பால் எல்லாம் நீலத்துக்குள் கரைந்துவிடும் என்பதால், இயந்திரத்தால் வரைய இயலாத தொலைவு கடலின் உண்மையான இயல்பாகவே தோற்றமளித்தது. நிழலுக்குள்ளிருந்து ஒரு பெருமீன் மெல்ல உருப்பெற்று வருவது வரைகலையின் குறையாயிராமல் அச்சத்தின் ஊற்றாயிற்று.

தண்டவாள முறையும் இதே சிக்கனத்திலிருந்து பிறந்ததே. ஆடுபவர் விரும்பிய திசையில் திரும்பலாம் என்றால் எல்லாத் திசைகளையும் வரைந்து வைத்திருக்க வேண்டும். பாதை முன்னரே வகுக்கப்பட்டால், ஒவ்வொரு கணத்திலும் கண்ணுக்குப் படப்போவது எது என்பது ஆக்குநருக்குத் தெரியும், அந்தக் காட்சியில் மட்டும் பல்கோணங்களைச் செலவிடலாம். அதோடு, ஒரு நாணயத்துக்கு எவ்வளவு நேரம் ஆடவிடுவது என்ற கூட உரிமையாளரின் கணக்கும் அப்பாதையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. நிலத்தில் இது ஓர் ஒடுக்கமாகவே உணரப்பட்டது. மாளிகையின் நடைபாதைகளில் நடப்பவர் ஏன் பக்கத்துக் கதவைத் திறக்கக்கூடாது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. நீருக்குள் அந்தக் கேள்வி வலுவிழந்துபோகிறது. நீரோட்டம் மனிதனை இழுத்துச் செல்வது இயல்பு என்பதால், தன் விருப்பமின்றி நகர்வதைக் கடலில் எவரும் குறையாகக் கொள்வதில்லை.

உயிர்களின் அசைவு குறித்தும் ஒன்று சொல்லவேண்டும். நடக்கும் உருவத்தை வரைவதில் மிகக் கடினமானது பாதம். அது நிலத்தில் பதிந்து நிற்க வேண்டிய கணத்தில் சற்று வழுக்கினாலும் பொய் வெளிப்பட்டுவிடும். மீனுக்கோ பாதமில்லை, நிலமில்லை. தலையிலிருந்து வால்வரை ஓடும் ஓர் அலையாக உடலை வளைத்தால், பாடசாலைக் கணிதத்தில் வரும் சைன் வளையி ஒன்றே ஒரு சுறாவை நம்பும்படி நீந்தவைத்துவிடும். மேலிருந்தும் கீழிருந்தும் ஒருசேர எதிரிகள் வரக்கூடிய களமும் கடலே. சுடல் விளையாட்டுக்கு இதனிலும் பொருத்தமான இடம் இல்லையென்று சொல்லுமளவுக்கு இந்தக் காரணங்கள் வலுவாக இருக்கின்றன. இருந்தும் கடலடி விளையாட்டுகள் இத்தனை குறைவாக இருப்பது வியப்புக்குரியது.

கடல் அறிந்தவர் கண்ணில்

இனி, அந்தத் திரைக்கடலில் இல்லாதவற்றைப் பார்க்கலாம். நீர், காற்றைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு அடர்ந்தது என்பதால், மிகு வேகத்தில் செல்லும் துவக்குச் சன்னங்கள் நீருக்குள் ஒரு மீற்றர் அளவிலேயே வேகமிழந்துவிடும். ஈட்டி எறியும் கருவிகள்கூடச் சில மீற்றர்களுக்கு மேல் பயன்தருவதில்லை. சிவப்பு நிறம் மேற்பரப்பிலிருந்து முதற் சில மீற்றர்களிலேயே நீரால் உறிஞ்சப்பட, ஆழம் செல்லச்செல்லக் குருதியும் பசுமையோ கருமையோ கலந்து தோன்றும். ஒலி நீரில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர், அதாவது காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்குக்கும் கூடிய வேகத்தில் செல்வதால், இரு காதுகளையும் எட்டும் நேர வேறுபாடு மிகச் சுருங்கி, சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது தெரியாமற்போகும். திசை தெரியாத சத்தம் என்பது ஆட்ட ஆக்குநர்கள் கையில் எடுக்காத பெரும் வாய்ப்பு. கூடத்தின் இரைச்சலில் அதற்கு இடமும் இருந்திராது.

இவற்றைவிட முக்கியமானது மூச்சு. மன்னார்க் குடாவில் முத்துக் குளித்த சுழியோடிகள், காலில் கல்லைக் கட்டி விரைந்து இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் சிப்பிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு, மேலே தோணியில் இருந்த துணையாளை நம்பிக் கயிற்றை அசைத்தனர். நீருக்குள் மனிதனின் முதல் எதிரி அவனுடைய நுரையீரலின் கொள்ளளவே. ஓஷன் ஹன்டரிலோ பூதங்களே முதன்மை எதிரிகள். அப்பூதங்களின் பெயர்கள் உலகப் பழங்கதைகளிலிருந்து திரட்டப்பட்டவை. வடகடல் கதைகளின் பெரும் பேய்க்கணவாயான கிராக்கன், கிரேக்கக் கதையின் நண்டு கார்கினோஸ், தமிழ் விவிலியத்தை வாசித்தோர் லிவியாதான் என்றும் தாகோன் என்றும் அறிந்த உருக்கள், இறுதியில் கடற்றெய்வமாகிய பொசைடன் என்று அந்த வரிசை நீள்கிறது.

இந்து சமுத்திரக் கரையிலிருந்து எந்தப் பெயரும் அந்த வேட்டையில் முதன்மைபெறவில்லை என்பது ஒருபுறமிருக்க, இக்கரையின் மரபு கடற்பூதத்தை நோக்கிய விதமே வேறு. பட்டினப்பாலையில் நெய்தல் மக்கள் சுறவின் கோட்டை மணலில் நட்டு வழிபடுகின்றனர். மணிமேகலா தெய்வம் கலமுடைந்து கடலில் தத்தளிப்போரைக் காக்கிறது. முத்துக்குளிப்புக் காலங்களில், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட ‘கடல்கட்டிகள்’ கரையில் இருந்தாலொழியச் சுழியோடிகள் நீரில் இறங்க மறுத்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பயணி மார்க்கோ போலோ, இந்தக் கடல்கட்டிகளுக்குக் கிடைத்த கூலி முத்தில் இருபதில் ஒரு பங்கு என்று எழுதினார், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய ஆட்சியும் அவர்களைச் சம்பளத்தில் வைத்திருந்தது. மந்திரம் பலித்ததா என்பதைவிட, சுறாவும் மனிதனும் ஒரே நீரில் ஒரு பருவம் முழுவதும் தொழில்செய்ய ஓர் உடன்பாடு தேவைப்பட்டது என்பதே இந்த வழக்கத்தின் உட்கிடை. கொல்லும் வேட்டையை விட, கட்டிவைத்து வேலை முடிக்கும் இந்த முறை, ஓர் ஆட்டத்தின் விதியாகவும் செழுமையானது.

வல்வெட்டித்துறையின் கடல் முத்துக் கடலன்று. அது வழியின் கடல். ஆழங்குறைந்த பாக்கு நீரிணையின் தென்கரையில் அமைந்த இவ்வூரின் தண்டையல்கள், அதாவது பாய்க்கப்பல் தலைவர்கள், கொண்டலும் வாடையும் கச்சானும் சோளகமும் எந்த மாதத்தில் எந்த முகமாக எழும் என்பதைக் கணித்துப் பாயை விரித்தனர். இங்கே வேப்பமரத்தால் கட்டப்பட்டு 1930இல் கடலிறங்கிய அன்னபூரணி என்னும் கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் றொபின்சன் வாங்கி, ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று பெயரிட, வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிச்சென்று 1938 ஆகஸ்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தனர். பாக்கு நீரிணையை மு. நவரத்தினசாமி 1954இல் நீந்திக் கடந்து தமிழ்நாட்டின் கோடிக்கரையில் ஏறினார். ஆழிக்குமரன் எனப்பட்ட வி. எஸ். குமார் ஆனந்தன் 1971இல் அக்கரை சென்று மீண்டும் இக்கரை திரும்பினார். அந்த நீச்சல் ஏறத்தாழ 51 மணித்தியாலம் நீடித்தது. 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது அவர் உயிரிழந்தார்.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஆற்றல் வழியைத் தெரிவுசெய்வதில் இருந்தது. எந்த நேரத்தில் நீரோட்டம் மேற்கே இழுக்கும், எவ்வளவு கிழக்கே ஒதுங்கித் தொடங்கினால் சரியான கரை வந்துசேரும் என்ற கணக்கைத் தவறவிட்டால், தோளின் வலிமை எவ்வளவு இருந்தும் பயனில்லை. தண்டவாளச் சுடல் விளையாட்டு ஆடுபவரிடமிருந்து எடுத்துக்கொள்வது சரியாக இந்த ஒன்றைத்தான். நீரோட்டத்தின் சாக்கில் அது வழியை மறைக்கிறது. கடலோடிக்கோ நீரோட்டத்தோடு நடத்தும் பேரமே வழி. ஓஷன் ஹன்டரின் ஆக்குநர்களைக் குறைகூறுவதற்காக இது சொல்லப்படவில்லை. ஒரு நாணயத்துக்குச் சில நிமிடங்கள் என்ற எல்லைக்குள் 51 மணித்தியாலத்தின் பொறுமையை எவராலும் அடக்க முடியாது.

அந்த விளையாட்டு வெளிவந்த 1998ஆம் ஆண்டில் வல்வெட்டித்துறையில் நிலைமை எவ்வாறிருந்தது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். 1990இலிருந்து பல்லாண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. போர் காரணமாகக் கடற்றொழிலுக்குத் தடைகளும் நேரக் கட்டுப்பாடுகளும் இருந்தன. தோணி இறக்குவதற்கே அனுமதி வேண்டியிருந்த காலத்தில், தொலைநாடுகளின் பிள்ளைகள் ஒளிரும் கூடங்களுக்குள் கடலடியைக் கண்டனர். அந்நாடுகளுக்குச் சிதறிப்போன வல்வெட்டித்துறைக் குடும்பங்களின் பிள்ளைகளும் அத்தகைய கூடங்களுக்கு அருகிலேயே வளர்ந்தனர். தம் பெற்றோரின் கடலைப் பார்க்க முடியாத ஒரு தலைமுறைக்கு, திரையிலுள்ள கடல் எத்தகைய பொருளைத் தந்திருக்கும் என்பது ஆராயத்தக்க கேள்வி.

உடலோடு அழியும் ஆக்கம்

ஓஷன் ஹன்டர் எந்த வீட்டுப் பெட்டிக்கும் ஒருபோதும் மாற்றப்படவில்லை. அதே 1998இல் செகா அறிமுகப்படுத்திய ‘நவோமி’ என்னும் புதிய பலகை, அந்நிறுவனத்தின் வீட்டுப் பெட்டியான ட்ரீம்காஸ்டை ஒத்த அமைப்புடையது. அதற்கென எழுதப்பட்ட விளையாட்டுகள் எளிதாக வீட்டுக்கு வந்தன. மொடல் 3 விளையாட்டுகளை மாற்றுவது கூடிய உழைப்பைக் கோரியது. ஆயினும், அதே பலகையில் 1997இல் வந்த தூண்டில் மீன்பிடி விளையாட்டான ‘கெட் பாஸ்’, தூண்டில் வடிவக் கைக்கருவியோடு ட்ரீம்காஸ்டுக்கு வந்துசேர்ந்தது. அச்சில் பொருத்திய பெருந்துவக்கு இல்லாமல் வீட்டில் ஆடினால் ஓஷன் ஹன்டரில் பாதி போய்விடும் என்பதும் அது விடுபட்டதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும்.

இன்று அதை ஆட இரண்டு வழிகளே உள்ளன. எங்கோ எஞ்சியிருக்கும் மூல இயந்திரத்தைத் தேடிப்போவது ஒன்று. ‘சூப்பர்மொடல்’ என்னும், மொடல் 3 பலகையின் நடத்தையைச் சாதாரணக் கணினியில் பின்பற்றிக் காட்டும் திறந்தமூல மென்பொருளைப் பயன்படுத்துவது மற்றையது. தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து ஒவ்வொரு சில்லின் செயலையும் பகுத்தறிந்திராவிட்டால், பலகைகள் பழுதடைந்து மறையும்போது இந்தக் கடலும் மறைந்திருக்கும். வல்வெட்டித்துறைக்கு இந்த இழப்பின் தன்மை நன்கு தெரியும். வரைபடத்தை விடத் தச்சுத் தலைவரான மேத்திரியாரின் கண்ணளவையும் கையளவையும் நம்பிக் கட்டப்பட்ட கப்பல்கள், கட்டியவர்கள் போனதும் திரும்பக் கட்ட முடியாதவையாயின. அவற்றின் செயலைப் பகுத்தறிந்து பதிவுசெய்யும் வேலையை யாரும் உரிய காலத்தில் முழுமையாகச் செய்யவில்லை. எஞ்சியிருக்கும் முதியோரின் நினைவிலிருந்து இயன்றதை எழுதிக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது.

விளையாட்டு ஆக்கம் இன்று பெருநிறுவனங்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. முப்பரிமாண உருவங்களைச் செதுக்கும் பிளெண்டர், விளையாட்டுகளை இயக்கும் கோடோ ஆகிய மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மொடல் 3 பலகையை விடப் பன்மடங்கு வலிய வரைகலைத் திறன் கைப்பேசியிலேயே உள்ளது. ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறையையே களமாக்கி, அடுத்த ஆண்டு பிரித்தானிய பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. யாழ்ப்பாணத்தில் ‘யாழ் ஐரி ஹப்’ போன்ற அமைப்புகள் இளைஞரைக் கணினி ஆக்கத்துக்குப் பயிற்றுகின்றன. அசையும் உருவங்களை வடிவமைக்கும் கைத்திறன் இவ்வூருக்குப் புதிதன்று. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் விசித்திரப் பட்டப் போட்டியில் மூங்கிலும் நூலும் தாளும் கொண்டு காற்றில் இயங்கும் பேருருக்களைப் பறக்கவிடுகிறார்கள், பெரிஸ்கோப் இயந்திரத்தின் அட்டைக் கப்பல்களைச் செய்த கைகளுக்குத் தேவைப்பட்ட அதே பொறிமுறை அறிவோடு.

அத்தகைய கைகள் நீரிணையை ஒரு விளையாட்டாக ஆக்க முனைந்தால், அவர்களுக்கு முதலில் வேண்டியது பூதங்களின் பட்டியலாக இராது. மாதவாரியாகக் காற்றின் திசைகள், வற்றும் பெருக்கும் மாறும் நேரங்கள், இரவில் கோடிக்கரை வெளிச்சவீட்டின் ஒளி எந்தத் தொலைவிலிருந்து கண்ணுக்குப் படும் என்ற அளவு, கடற்சொறி திரளும் பருவம், துணைப்படகிலிருந்து நீச்சல்காரருக்கு உணவு நீட்டும் முறை ஆகியவற்றை வயதான கடலோடிகளிடமும், 1954ஐயும் 1971ஐயும் நேரில் கண்டவர்களிடமும் கேட்டுத் திரட்ட வேண்டியிருக்கும். அதில் ஆடுபவர் நேரே வடக்கு நோக்கி நீந்தத் தொடங்கினால், சில மணித்தியாலங்களில் நீரோட்டம் அவரை வழிதவறச் செய்துவிட, எங்கே இறங்கித் தொடங்குவது என்ற முடிவிலிருந்தே மீண்டும் ஆட வேண்டிவரும்.